சக்கரம் தொட்ட பிறகும் நேராக ஓட: குறுக்குக் காற்றில் சிறிய விமானத்தை இறக்கும் முழுமையான வழிகாட்டி

இறங்கும்போது விமானம் ஓடுபாதையின் ஓரத்துக்குப் போய்விட்டால், "தொட்டதும் திடீர்னு இழுத்துருச்சு சார்" என்பதுதான் மாணவர்களிடமிருந்து வரும் பதில். பக்கத்து சீட்டிலிருந்து பார்ப்பவருக்கு அதில் திடீர் எதுவும் தெரியாது. ஃபைனலில் (ஓடுபாதைக்கு நேராக இறங்கிவரும் கடைசிப் பகுதி) பத்து நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) கூடுதல் வேகம், ஃப்ளேரில் (தொடும் முன் மூக்கை உயர்த்தி இறக்கத்தைத் தணிப்பது) நேராக்காமல் விட்ட மூக்கு, தொட்டவுடன் தளர்ந்த கை, பிரேக் மேல் கிடந்த கால். இவற்றில் இரண்டு சேர்ந்தாலே விமானம் கோட்டை விட்டு விலகிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் தரை தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவைதான்.

எண்கள் எல்லாம் செஸ்னா 172எஸ் விமானத்துக்கானவை. உங்களுடையது வேறு விமானம் என்றால் அதன் கையேட்டைப் பார்த்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். வரிசை அதேதான். இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இல்லாமல், இதைப் படித்துவிட்டு மட்டும் காற்றில் போய்ப் பழகிப் பார்க்க வேண்டாம்.

1. கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் டயர் காற்று. மெயின் டயர்களுக்கு (பின்னால் இடமும் வலமும் இருக்கும் இரண்டு) 42 பிஎஸ்ஐ, முன்சக்கரத்துக்கு 45. ஒரு பக்க மெயின் டயரில் காற்று குறைந்திருந்தால் அந்தச் சக்கரம் உருள அதிகம் தடுக்கும், விமானமும் அந்தப் பக்கமே திரும்பப் பார்க்கும். குனிந்து பார்த்துவிட்டு "சரியாத்தான் இருக்கு" என்று நகர்ந்துவிடாதீர்கள். ஐந்தாறு பிஎஸ்ஐ குறைவது கண்ணுக்குத் தெரியாது, கேஜ் வைத்தால்தான் தெரியும்.

அடுத்து பிரேக். டாக்ஸி (தரையில் விமானத்தை ஓட்டிச் செல்வது) தொடங்கியதும் இடது, வலது என்று தனித்தனியாக மிதித்துப் பாருங்கள். ஒரு பெடல் கெட்டியாக நின்று மற்றது மெத்தென்று உள்ளே போனால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். இறங்கி ஓடும்போது இரண்டையும் சமமாக மிதித்தாலும், பிடிக்கும் பக்கம் மட்டும் இழுக்கும்.

சீட் பூட்டியிருக்கிறதா என்று முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பிறகு ஒரு காலால் ரடர் (வாலில் இருக்கும், மூக்கை இடம் வலமாகத் திருப்பும் பலகை) பெடலை முழுவதுமாக, கடைசிவரை மிதியுங்கள். அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் பாதி தூரம் மிதித்துப் பார்த்துவிட்டு "எட்டுது" என்பார்கள். காற்று பலமாக இருக்கும் நாளில் தேவைப்படுவது அந்த மீதிப் பாதிதான். உயரம் குறைவானவர்கள் முதுகுக்கு ஒரு குஷன் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாகப் பாதம். குதிகால் தரையில், பாதத்தின் முன்பகுதி பெடலின் கீழ்ப்பகுதியில் இருக்கட்டும். பெடலின் மேற்பகுதியை அழுத்தினால் பிரேக் பிடிக்கும். பாதத்தை மேலே ஏற்றி வைத்துக்கொண்டு இறங்கினால், ரடர் கொடுப்பதாக நினைத்து ஒரு பக்க பிரேக்கை மிதிப்பீர்கள். தரை தொடும்போது ஒரு சக்கரம் பூட்டிக்கிடந்தால் டயர் தேயும், விமானமும் அந்தப் பக்கம் சுழலும். தடித்த அடி வைத்த ஷூவில் பெடலின் எந்தப் பகுதியில் கால் இருக்கிறது என்றே உணர முடியாது. மெல்லிய அடியுள்ள ஷூ போட்டு வாருங்கள்.

2. காற்றைக் கணக்கிட்டு, முடிவை முன்பே எடுங்கள்

சர்க்யூட்டுக்குள் (இறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் பாதை) நுழைவதற்கு முன்பே கணக்கு முடிந்திருக்க வேண்டும். ஃபைனலில் கையும் கண்ணும் வேலையாக இருக்கும்போது கணக்கு ஓடாது.

கடிகார முறை எளிது. காற்றுக்கும் ஓடுபாதைக்கும் இடையே 15 டிகிரி என்றால் காற்றின் வேகத்தில் கால் பங்கு குறுக்காகத் தள்ளும். 30 டிகிரி என்றால் அரை, 45 என்றால் முக்கால், 60-ம் அதற்கு மேலும் என்றால் முழுவதும். துல்லியக் கணக்கில் 45 டிகிரிக்கு 0.7, 60 டிகிரிக்கு 0.87 வரும். கடிகார முறை கொஞ்சம் கூட்டிச் சொல்கிறது, சொல்லட்டும்.

ஓடுபாதை 27 (அதாவது 270 டிகிரி திசை), காற்று 240 டிகிரியிலிருந்து 14 நாட், கஸ்ட் (இடையிடையே திடீரெனப் பலமாக வீசும் காற்று) 20 என்று டவர் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோணம் 30. குறுக்குக் காற்று 7 நாட், கஸ்ட் வரும்போது 10. இறங்கலாமா வேண்டாமா என்பதை அந்த 10-ஐ வைத்து முடிவு செய்யுங்கள். சக்கரம் தொடும் வினாடியில் கஸ்ட் வராது என்று யாரும் உறுதி தர முடியாது.

172எஸ் கையேடு, 15 நாட் நேர்க்குறுக்குக் காற்றில் விமானத்தை இயக்கிக் காட்டியிருப்பதாகச் சொல்கிறது. அதைத் தாண்டவே கூடாது என்ற வரம்பாக அது எழுதப்படவில்லை. எவ்வளவு காற்று வரை போகலாம் என்பது பைலட்டின் திறமையையும் பொறுத்தது என்று அதே இடத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். தனியாகப் பறக்கத் தொடங்கியிருக்கும் மாணவருக்கு நான் வைப்பது அதில் பாதி, 7 நாட். கஸ்ட்டையும் சேர்த்துத்தான் 7.

இரண்டு சின்ன விஷயங்கள். டவர் வாயால் சொல்லும் காற்றுத் திசை காந்த வடக்கை வைத்து, மெட்டார் என்ற விமான நிலைய வானிலை அறிக்கையில் இருப்பது உண்மை வடக்கை வைத்து. தென்னிந்தியாவில் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான், கண்டுகொள்ள வேண்டியதில்லை. வேறு நாட்டில் பறந்தால் பத்து டிகிரிக்கு மேலும் வரலாம். இன்னொன்று, கடலோர ஊர்களில் காலையில் குறித்துக்கொண்ட காற்றை மதியம் நம்ப வேண்டாம். கடற்காற்று நுழைந்ததும் திசையே மாறிவிடும்.

கணக்கு முடிந்ததும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "காற்று இடப்பக்கம். இட எய்லரான், வல ரடர்." எய்லரான் என்பது இறக்கை நுனிப் பக்கத்தில் விமானத்தைச் சாய்க்கும் பலகை, யோக் என்பது அதைத் திருப்பும் கைப்பிடி. எந்தப் பக்கம் யோக், எந்தப் பக்கம் கால் என்பதைத் தரைக்குப் பக்கத்தில் போய் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

3. ஃபைனலில் வேகத்தைக் கட்டுங்கள்

ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை) போட்டு வரும்போது கையேடு தரும் வேகம் 60 முதல் 70 நாட். 65-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். கஸ்ட் இருந்தால், நிலையான காற்றுக்கும் கஸ்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக் கூட்டுங்கள். 14, கஸ்ட் 20 என்றால் வித்தியாசம் 6, கூட்ட வேண்டியது 3. ஆக 68.

"பாதுகாப்புக்குக் கொஞ்சம் வேகமா வரேன்" என்று 75-இல் வருபவர்கள் அதிகம். 65-இலிருந்து 75-க்குப் போனால் விமானத்தின் இயக்க ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அது கரையும்வரை விமானம் தரைக்கு மேல் மிதந்துகொண்டே போகும், மிதக்கும் ஒவ்வொரு வினாடியும் காற்று ஓரத்துக்குத் தள்ளும். பொறுமை இழந்து யோக்கை முன்னால் தள்ளி அமர்த்தினால் முன்சக்கரம் முதலில் தொடும். அது என்ன செய்யும் என்பது 6-ஆம் பகுதியில்.

ஃப்ளாப் விஷயத்தில் கையேட்டின் பேச்சைக் கேளுங்கள்: குறுக்குக் காற்றில், ஓடுபாதை நீளத்துக்குத் தேவையான குறைந்தபட்ச ஃப்ளாப் போதும். நீளமான ஓடுபாதை என்றால் 20 டிகிரியோடு நிறுத்திவிடலாம். முழு ஃப்ளாப்பில் ஒரு கஸ்ட் வந்தால் விமானம் சட்டென்று மேலே தூக்கப்படும், கோ-அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் ஏறிப் போவது) போனாலும் ஏறத் திணறும்.

ஃபைனலின் முதல் பாதியில் மூக்கைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் திருப்பி, கிராப்பில் வாருங்கள். இறக்கைகள் மட்டமாக, ரடர் நடுவில், விமானம் மையக்கோட்டின் நீட்சியிலேயே நகர வேண்டும். மூக்கு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதே காற்றின் பலத்தைச் சொல்லிவிடும். டவர் சொன்ன எண்ணோடு அது ஒத்துப்போகாவிட்டால் மூக்கை நம்புங்கள்.

4. கிராப்பிலிருந்து ஸ்லிப்புக்கு மாறுங்கள்

கிராப்பிலேயே தொட்டால் சக்கரங்கள் ஒரு பக்கம் பார்க்கும், விமானம் வேறு பக்கம் நகரும். லேண்டிங் கியருக்குப் பக்கவாட்டில் அடி விழும். முன்சக்கர விமானத்தில் எடைமையம் மெயின் சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், தொட்டவுடன் விமானம் ஒரு குலுக்கலோடு தானே நேராகப் பார்க்கும். அந்தக் குலுக்கலுக்குப் பயந்து மாணவர் எதிர்ப்பக்கம் அழுத்தி மிதிப்பார். அங்கிருந்துதான் வளைந்து நெளியும் ஓட்டம் தொடங்கும்.

அதனால் தரைக்கு 200, 300 அடி மேலேயே ஸ்லிப்புக்கு (காற்றுப் பக்க இறக்கையைத் தாழ்த்தி, மூக்கை நேராக வைத்துப் பறப்பது) மாறிவிடுங்கள். அனுபவசாலிகள் ஃப்ளேர்வரை கிராப்பில் வந்து கடைசி நொடியில் உதைத்து நேராக்குவார்கள். பழகும் காலத்தில் அது வேண்டாம். நேரம் தப்பினால் திருத்த இடமே இருக்காது. 172எஸ் கையேடும் இறக்கையைத் தாழ்த்தும் முறைதான் நல்ல கட்டுப்பாட்டைத் தரும் என்கிறது.

செய்முறை இது. காற்று இடப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வல ரடர் கொடுத்து மூக்கை ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவாருங்கள். உடனே விமானம் வலப்பக்கம் நகரத் தொடங்கும். அந்த நகர்வு நிற்கும் அளவுக்கு மட்டும் இட எய்லரானைக் கொடுத்து இட இறக்கையைத் தாழ்த்துங்கள். இதற்குப் பிறகு இரண்டு உறுப்புக்கும் வேலை பிரிந்துவிட்டது. மூக்கு நேராக இருக்கிறதா என்பதைக் கால் பார்த்துக்கொள்ளும், மையக்கோட்டில் இருக்கிறோமா என்பதைக் கை பார்த்துக்கொள்ளும். ஒன்றின் வேலையை மற்றதிடம் கொடுக்கும்போதுதான் குழப்பம்.

முன்கூட்டியே மாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது ஒரு சோதனை. ரடரை முழுவதும் மிதித்தும் மூக்கு நேராக நிற்கவில்லை என்றால், இந்த ஓடுபாதையில் இந்தக் காற்று விமானத்தின் சக்திக்கு மேல். 200 அடியில் அது தெரிந்தால் கோ-அரவுண்ட் போய் வேறு ஓடுபாதையையோ வேறு ஏரோட்ரோமையோ பார்க்கலாம். ஃப்ளேரில் தெரிந்தால் யோசிக்க நேரம் இருக்காது.

5. ஃப்ளேர்: கண் தூரத்தில், ஸ்லிப் கையில்

ஃப்ளேர் தொடங்கியதும் பார்வையை ஓடுபாதையின் மறுமுனைப் பக்கம் கொண்டுபோங்கள். மூக்குக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தால் தரை வேகமாக ஓடுவது மட்டும் தெரியும், விமானம் பக்கவாட்டில் நகர்வது தெரியவே தெரியாது.

ஒரு நுணுக்கம். நீங்கள் இடது சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள், விமானத்தின் நடுவில் இல்லை. புதியவர்கள் மூக்கின் நடுப்பகுதியை, ஸ்பின்னர் (புரொப்பல்லரின் நடுக்கூம்பு) இருக்கும் இடத்தை, ஓடுபாதையின் மறுமுனையோடு பொருத்துவார்கள். இடது சீட்டிலிருந்து அப்படிப் பொருத்தினால் விமானம் இடப்பக்கம் திரும்பி நிற்கும். "சார், நேராத்தான் இருக்கு" என்று அவர் சத்தியம் செய்வார். தொட்டதும் விமானம் இடப்பக்கம் ஓடும். இதற்கு ஒரு வழி: விமானம் மையக்கோட்டில் நேராக நிற்கும்போது உங்கள் கண்ணுக்கு நேர் எதிரே என்ஜின் மூடியில் இருக்கும் ஒரு ஸ்க்ரூவையோ ரிவெட்டையோ குறித்துவையுங்கள். மூக்கு என்றால் இனி உங்களுக்கு அந்த ரிவெட்தான்.

வேகம் குறையக் குறைய எய்லரானும் ரடரும் வலு இழக்கும். அதே ஸ்லிப்பைத் தக்கவைக்க இரண்டையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். புதியவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. தரை பக்கத்தில் வந்ததும் சாய்ந்த இறக்கை பயமுறுத்தும், மட்டமாக்கிவிடுவார்கள். மட்டமாக்கிய அடுத்த வினாடி விமானம் காற்றோடு நகரும், தொடும்போது சக்கரம் பக்கவாட்டில் இழுபடும். இந்த அளவு சாய்வில் 172-இன் இறக்கை நுனி தரையில் பட வாய்ப்பில்லை, அது உயரத்தில் இருக்கிறது. சாய்வை விடாதீர்கள்.

6. தொடும் வரிசை: காற்றுப் பக்கச் சக்கரம், மறுபக்கச் சக்கரம், முன்சக்கரம்

காற்று இடப்பக்கம் என்றால் இட மெயின் சக்கரம் முதலில் தொடும். ஒற்றைச் சக்கரத்தில் சில அடிகள் ஓடுவது தவறு மாதிரி தோன்றும். அதுதான் சரி. வேகம் குறைய வலச் சக்கரம் தானாக இறங்கும். அதை அவசரமாக அமர்த்த எய்லரானைத் தளர்த்த வேண்டாம்.

முன்சக்கரம் கடைசியில். யோக்கைப் பின்னாலேயே இழுத்துப் பிடித்து, அதுவாக இறங்கும்வரை தாமதப்படுத்துங்கள். காரணம் இரண்டு.

முதலாவது, வேகமாக வந்து முன்சக்கரத்தில் எடையை ஏற்றினால் மெயின் சக்கரங்கள் லேசாகிவிடும். விமானம் முன்சக்கரத்தை அச்சாக வைத்துச் சுற்றப் பார்க்கும். எடைமையம் அந்த அச்சுக்குப் பின்னால் இருப்பதால் சிறிய விலகல்கூடத் தானே வளரும். பிரேக் மிதித்தாலும் எடை இல்லாத மெயின் சக்கரங்கள் பிடிக்காது, வழுக்கும். இந்த நிலையில் மாட்டினால் முதல் வேலை த்ராட்டிலை (என்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) முழுவதும் மூடி யோக்கைப் பின்னுக்கு இழுப்பது. வேகமும் ஓடுபாதையும் இன்னும் நிறைய இருந்து, மூக்கும் நேராக இருந்தால் கோ-அரவுண்ட்.

இரண்டாவது, பெடல். 172-இல் முன்சக்கரம் காற்றில் தொங்கும்போது நேராக நிற்கும். தரை தொட்டு ஸ்ட்ரட் (முன்சக்கரத்தின் அதிர்வு தாங்கி) அமுங்கியதும் ஸ்பிரிங் வழியாகப் பெடலோடு இணைந்துகொள்ளும். ஸ்லிப்புக்காக வல ரடரை மிதித்தபடியே முன்சக்கரத்தை இறக்கினால், இணைந்த நொடியில் விமானம் வலப்பக்கம் பாயும். பைப்பர் செரோக்கி வகையில் இணைப்பு நேரடியானது, ரடர் திரும்பியிருந்தால் சக்கரமும் திரும்பித்தான் இருக்கும், பாய்ச்சல் இன்னும் கூர்மை. எனவே முன்சக்கரம் இறங்கும் தருணத்தில் பெடலை நடுவுக்குக் கொண்டுவந்து, தொட்டதும் தேவையான அளவு மீண்டும் கொடுங்கள்.

7. ஓட்டம்: விமானம் நிற்கும்வரை பறந்துகொண்டிருக்கிறீர்கள்

நான் பார்த்தவரை விலகல்களில் பெரும்பாலானவை இங்கேதான் வெளியே தெரிகின்றன. மூன்று சக்கரமும் தரையில் அமர்ந்ததும் மாணவரின் தோள் இறங்கும், ஒரு பெருமூச்சு வரும், யோக் நடுவுக்குத் தளரும். அப்போது வேகம் 50 நாட் இருக்கும். இறக்கை இன்னும் எடையில் பெரும் பங்கைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஒரு கஸ்ட் வந்தால் காற்றுப் பக்க இறக்கை எழும்பிவிடும்.

இந்தக் கட்டத்தில் காற்று என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. மெயின் சக்கரங்களுக்குப் பின்னால் நீண்ட உடலும் செங்குத்து வாலும் இருக்கின்றன. பக்கக் காற்று அவற்றைத் தள்ளும், மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். அதைத் தடுக்கும் ரடரின் வலிமை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60 நாட்டில் இருந்த வலிமையில் 30 நாட்டில் கால் பங்குதான் மிஞ்சும். முன்சக்கரத்தில் எடை முழுதாக ஏறி ஸ்டியரிங் பிடிப்பதற்கும் ரடர் செத்துப்போவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. அந்தச் சில வினாடிகளில் காலுக்கு வேலை அதிகம்.

கையின் வேலை: தொட்ட கணத்திலிருந்து எய்லரானைக் காற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டே போங்கள், வேகம் அடங்கும்போது யோக் முழுவதுமாகத் திரும்பியிருக்க வேண்டும். காற்றுப் பக்க எய்லரான் மேலே நின்று அந்த இறக்கையை அழுத்திவைக்கும். கீழே இறங்கிய மறுபக்க எய்லரான் கொஞ்சம் இழுவை கொடுத்து, மூக்கு காற்றை நோக்கிப் போவதற்கு எதிராகவும் உதவும். இலவசமாகக் கிடைக்கும் உதவியை ஏன் விட வேண்டும்?

நான் அதிகம் பார்க்கும் பிழை இதில்தான். மூக்கு இடப்பக்கம் போகிறது, மாணவர் கார் ஓட்டும் பழக்கத்தில் யோக்கை வலப்பக்கம் திருப்புகிறார். யோக் சக்கரத்தைத் திருப்பாது. அதற்குப் பதிலாக இட எய்லரானைக் கீழே இறக்கி, காற்று அடிக்கும் இறக்கையையே தூக்கிவிடும். இரண்டு பிரச்சினை நான்காகும். நிறைய கார் ஓட்டியவர்களிடம் இது கூடுதல். அவர்களுக்கு நான் தரும் பயிற்சி: டாக்ஸி முழுவதும் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் யோக்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிப் பிடித்தபடி, காலால் மட்டும் மையக்கோட்டில் போக வேண்டும். த்ராட்டிலை அப்போது நான் பார்த்துக்கொள்வேன்.

காலின் வேலை: சின்னதாக, சீக்கிரமாக, விட்டுவிட்டு. ஒரு பெரிய மிதி மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தால் மூக்கு கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகும். அங்கிருந்து இன்னும் பெரிய மிதி. மூன்றாவது வளைவில் ஓரத்துப் புல் வந்துவிடும். மூக்கு நகர்வதை நிறுத்துங்கள், அது போதும். கோட்டுக்குத் திரும்பி வருவதை அவசரமில்லாமல் செய்யலாம். கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, அதற்கு இணையாக ஓடினால் ஒரு குறையும் இல்லை.

பிரேக்: விமானம் நேராக ஓடத் தொடங்கிய பிறகு, வேகம் நன்றாக இறங்கிய பிறகு, இரண்டு பக்கமும் சமமாக. பெடலால் மட்டும் முன்சக்கரம் இரண்டு பக்கமும் சுமார் 10 டிகிரி திரும்பும், ஒரு பக்க பிரேக்கையும் சேர்த்தால் சுமார் 30 வரை போகும். 40 நாட்டில் ஒரு பக்க பிரேக்கை அழுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 30 போதும். மறுபுறம், காற்று பலமாகி ரடர் பற்றாமல் போகும் வேளையில் காற்றுக்கு எதிர்ப்பக்க பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு விடுவது சரியான கருவிதான். தொட்டு விட வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது.

தண்ணீர் தேங்கிய ஓடுபாதைக்குத் தனி எச்சரிக்கை. டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட்டில் கிடைக்கும். 42 பிஎஸ்ஐக்கு அது சுமார் 58. அதற்கு மேல் வேகத்தில் தொட்டால் சக்கரம் தரையைப் பிடிக்காமலே ஓடும், பிரேக் வெறும் அலங்காரம். எய்லரானும் ரடரும் மட்டும்தான் துணை. மழை நாளில் குறுக்குக் காற்று வரம்பைக் குறைத்துக்கொள்வது அதனால்தான்.

முன்சக்கரம் கடகடவென்று நடுங்கினால் அது வேறு சங்கதி. யோக்கைப் பின்னுக்கு இழுத்து அதன் மேல் உள்ள எடையைக் குறையுங்கள், நடுக்கம் அடங்கும். இறங்கிய பிறகு என்ஜினியரிடம் சொல்லுங்கள்.

8. மூக்கு போகத் தொடங்கினால்

வரிசை முக்கியம். முதலில் த்ராட்டில் முழுவதும் மூடியிருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் பவர் மிஞ்சியிருந்தாலும் விமானம் இடப்பக்கம் இழுக்கும், வேகமும் இறங்காது. கையில் அதைச் செய்யும்போதே எதிர்ப்பக்க ரடர், தேவைப்பட்டால் முழுவதும். எய்லரான் காற்றுப் பக்கம் முழுவதும். இவை போதாதபோதுதான் எதிர்ப்பக்க பிரேக்.

கோ-அரவுண்ட் எப்போது? மூக்கு ஓடுபாதைக்கு நேராக இருந்து, வேகமும் நீளமும் மிச்சம் இருந்தால் போகலாம். மூக்கு ஏற்கெனவே ஓரத்தைப் பார்த்துவிட்டது என்றால் பவர் கொடுக்க வேண்டாம். அந்தப் பவர் உங்களை ஓரத்துக்கு இன்னும் வேகமாகக் கொண்டுபோகும்.

9. கோ-அரவுண்டிலேயே விலகாமல் இருக்க

துள்ளல், மிதப்பு, தொடும் முன்னே பக்க நகர்வு. மூன்றுக்கும் நல்ல பதில் கோ-அரவுண்ட்தான். ஆனால் அதிலேயே ஓடுபாதையை விட்டுப் போகிறவர்கள் உண்டு, பெரும்பாலும் இடப்பக்கம்.

புரொப்பல்லர் பைலட்டுக்கு வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. வேகம் குறைவாக, மூக்கு உயரமாக இருக்கும்போது முழு பவர் கொடுத்தால் மூக்கு இடப்பக்கம் பலமாக இழுக்கும். காற்று இடப்பக்கம் என்றால் வலக்கால் ஏற்கெனவே மிதித்துக்கொண்டிருக்கும், இன்னும் கூட்டினால் போதும். காற்று வலப்பக்கம் என்றால்தான் பொறி. ஸ்லிப்புக்காக இடக்கால் மிதித்துக்கொண்டிருக்கிறது, பவர் கொடுத்த நொடியில் அதை எடுத்து வலக்காலுக்கு மாற வேண்டும். மாற மறந்தால் ரடரும் பவரும் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளும்.

வரிசை: த்ராட்டில் முழுவதும், வலக்கால் அதனோடேயே, ஃப்ளாப் 20-க்கு, 60 நாட்டில் ஏற்றம். தடைகளைத் தாண்டிய பிறகு மீதி ஃப்ளாப். ஃப்ளாப்பை ஒரேயடியாக மடக்கினால் விமானம் கீழே அமரும்.

10. ஓடுபாதையை விட்டு இறங்கிவிட்டால்

புல்லுக்குப் போவது உறுதி என்று தெரிந்தால் நேராகப் போகவிடுங்கள். த்ராட்டில் மூடி, மிக்ஸ்ச்சரை (எரிபொருள் கலவைக் கட்டுப்பாடு) இழுத்து, யோக்கைப் பின்னுக்குப் பிடித்து, பிரேக்கை மெதுவாக. ஓடுபாதைக்குத் திரும்பக் கொண்டுவரும் ஆசையில் வேகத்தோடு திருப்பினால் சக்கரம் மண்ணில் கொத்தும், இறக்கை நுனி இறங்கும், கியர் மடியும். நேராக ஓடியிருந்தால் புல் ஒட்டியதோடு முடிந்திருக்கும்.

நின்றதும் மேக்னெட்டோ (என்ஜின் தீப்பொறி), மாஸ்டர் (மின்சாரம்) சுவிட்சுகள் இரண்டையும் அணைத்து, டவருக்குச் சொல்லிவிட்டு இறங்குங்கள். "ஒண்ணும் ஆகல" என்று நீங்களே ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். பக்கவாட்டு அடி வாங்கிய கியரையும், தரையில் பட்டிருக்கக்கூடிய புரொப்பல்லரையும் என்ஜினியர் பார்த்த பிறகுதான் அது நகர வேண்டும்.

11. டெயில்வீல் விமானம் என்றால்

சைட்டேப்ரியா, பைப்பர் கப் போன்ற, முன்சக்கரத்துக்குப் பதில் வாலில் சிறு சக்கரம் உள்ள விமானங்களில் எடைமையம் மெயின் சக்கரங்களுக்குப் பின்னால். கிராப்பில் தொட்டால் 172 தானே நேராகப் பார்க்கும், இவை தானே சுற்றும். சுற்ற ஆரம்பித்தால் வேகம் கூடிக்கொண்டே போய் ஒரு முழு வட்டத்தில் முடியலாம். மேலே சொன்ன எதுவும் மாறாது, பிழைக்கான இடம்தான் சுருங்கும். இதற்கெனத் தனிப் பயிற்சி எடுக்காமல் தொட வேண்டாம்.

12. பழகும் வரிசை

காற்று உள்ள நாளில் டாக்ஸியில் தொடங்குங்கள். காற்று முன்பக்கவாட்டில் இருந்தால் யோக்கைக் காற்றை நோக்கி, பின்பக்கவாட்டில் இருந்தால் காற்றுக்கு எதிராகத் திருப்பிக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளியபடி. இது கைக்குப் பழகாமல் ஓட்டத்தில் வராது.

அடுத்து, நீளமான ஓடுபாதையின் மேல் இறங்காமல், இன்ஸ்ட்ரக்டர் சொல்லும் உயரத்தில் மெதுவாகப் பறந்துகொண்டே மூக்கை நேராக வைத்து, எய்லரானால் மட்டும் விமானத்தை மையக்கோட்டிலிருந்து ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் நகர்த்துங்கள். கையும் காலும் தனித்தனி வேலை செய்வது இந்தப் பயிற்சியில் புரிவது போல வேறெதிலும் புரியாது. இறங்க வேண்டிய அவசரம் இல்லாததால் மூளைக்கு இடம் கிடைக்கிறது.

பிறகு ஐந்து நாட் குறுக்குக் காற்றில் இறங்குங்கள். இரண்டு பக்கக் காற்றிலும் பழக வேண்டும். ஒரே ஏரோட்ரோமில் பறப்பவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் நன்றாக வரும், மறுபக்கத்தில் கால் தடுமாறும்.

இந்தக் கட்டத்தில் டச்-அண்ட்-கோ வேண்டாம் என்பது என் கட்சி. தொட்ட உடனே பவர் கொடுத்துக் கிளம்பினால், 50 நாட்டிலிருந்து நடை வேகம்வரை இறங்கும் அந்த ஓட்டத்தை மாணவர் பழகவே மாட்டார். ஒவ்வொரு முறையும் முழுவதும் நிறுத்தி, வெளியேறி, டாக்ஸி செய்து திரும்பி வாருங்கள். அந்த டாக்ஸி நேரம் வீணாகத் தெரிந்தால், வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் விண்ட்சாக்கைப் (காற்றுத் திசை காட்டும் துணிக்குழல்) பார்த்து யோக்கை மாற்றி வைத்துக்கொண்டே போங்கள்.